கண்ணாடியில் தண்ணீர் அசைய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மாபெரும் நீராவி எஞ்சின்களை ரயில் சிமுலேட்டர் விளையாட்டுகளுக்காக மறுபடி உருவாக்கி வருவதைப் பற்றித் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். பெரும்பாலும் கார் பந்தயமும் போர் விளையாட்டும் இடம்பிடிக்கும் பக்கத்தில் இந்தப் பழைய இரும்பு யானைகளுக்கு இடம் கொடுத்ததற்கு முதலில் என் நன்றி. ஆனால், கட்டுரை முழுவதும் எஞ்சினின் தோற்றமே அளவுகோலாக இருந்தது: தறையாணிகள் (ரிவெட்டுகள்) தனித்தனியாகத் தெரிகின்றன, துரு இயல்பாக இருக்கிறது, புகை அழகாகச் சுருள்கிறது என்ற அளவில் மதிப்பீடு முடிந்துவிட்டது. பல ஆண்டுகளாக இந்த எஞ்சின்களைத் திரையில் ஓட்டிப் பழகியவன் என்ற முறையில், அந்த அளவுகோல் போதாது என்று பணிவோடு சொல்ல விரும்புகிறேன்.

கட்டுரையில் முதலிடம் பெற்ற பிக் பாய் எஞ்சினையே எடுத்துக்கொள்கிறேன். யூனியன் பசிபிக் ரயில்வேக்காக, நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில் இருந்த அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி 1941இல் 20 எஞ்சின்களையும் 1944இல் 5 எஞ்சின்களையும் கட்டிக்கொடுத்தது. யூட்டா மாநிலத்தின் ஆக்டனிலிருந்து கிழக்கே வாசாட்ச் மலையில் ஏறும் பாதை ஒவ்வொரு 100 அடிக்கும் 1.14 அடி உயர்கிறது. அந்த ஏற்றத்தில் கனமான சரக்கு ரயில்களைத் துணை எஞ்சின் இல்லாமல் இழுக்க வேண்டும் என்பதே இதன் பிறப்புக்குக் காரணம். கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்பெட்டியான டெண்டரையும் சேர்த்து ஏறத்தாழ 132 அடி நீளம், 68 அங்குல விட்டமுள்ள 16 இயக்குச் சக்கரங்கள், சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு நீராவி அழுத்தம். கரி எரியும் உலைத்தளம் மட்டும் 150 சதுர அடி. அவ்வளவு பெரிய உலைக்கு ஒரு மனிதன் மண்வாரியால் கரி அள்ளிப் போட்டு ஈடுகொடுக்க முடியாது என்பதால், டெண்டரிலிருந்து திருகு ஒன்று கரியை அரைத்து உள்ளே தள்ள, நீராவிப் பீச்சுகள் அதை உலையெங்கும் தூவும். எந்தப் பீச்சை எவ்வளவு திறந்தால் உலையின் எந்த மூலையில் கரி விழும் என்பதை அறிந்து வைத்திருப்பதுதான் ஃபயர்மேனின் தொழில்.

அந்த 25 எஞ்சின்களில் 8 மிஞ்சியிருக்கின்றன. ஏழு எஞ்சின்கள் அருங்காட்சியகங்களிலும் பூங்காக்களிலும் குளிர்ந்து நிற்கின்றன. எட்டாவதான 4014ஆம் எண் எஞ்சினை, கலிஃபோர்னியாவின் பொமோனாவில் காட்சிப் பொருளாக நின்ற இடத்திலிருந்து யூனியன் பசிபிக் நிறுவனமே 2013இல் திரும்பப் பெற்று, வயோமிங் மாநிலத்தின் ஷயேனில் உள்ள தன் பட்டறையில் பிரித்துச் சீரமைத்து, கண்டத்தின் குறுக்கே போடப்பட்ட முதல் ரயில் பாதையின் 150ஆம் ஆண்டையொட்டி 2019 மே மாதத்தில் ஓட வைத்தது. எனக்கு அது ஒரு பண்டிகை நாள் போல இருந்தது. ஆனால் சீரமைப்பின்போது அதன் உலை கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றப்பட்டுவிட்டது. கரியில் எரியும் பிக் பாய் இன்று உலகில் எங்கும் ஓடவில்லை. அந்த உலையை ஆண்ட கைப்பழக்கத்தை ஒருவர் உணர்ந்து பார்க்க வேண்டுமானால், அதை உண்மையாகக் கணக்கிட்டுச் செய்த ஒரு சிமுலேட்டர்தான் வழி. இதனால்தான் தோற்றத்தை மட்டும் வைத்து மதிப்பெண் போடுவது எனக்கு உறுத்துகிறது. தோற்றத்தைக் காண அருங்காட்சியகங்கள் உள்ளன; புகைப்படங்களும் ஏராளமாக உள்ளன.

ஓர் அனுபவத்தைச் சொன்னால் நான் கருதுவது விளங்கும். வயோமிங்கில் ஷயேனுக்கும் லாரமிக்கும் இடையே 8,000 அடி உயரத்தைத் தொடும் ஷெர்மன் மலைப் பாதை, பிக் பாய்கள் தம் கடைசிக் காலத்தில், 1959 வரை, உழைத்த பாதை. அந்தப் பாதையில், கவனமாகச் செய்யப்பட்ட ஒரு சிமுலேட்டரில், நீண்ட சரக்கு ரயில் ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தேன். கொதிகலனில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் நீர்மட்டக் கண்ணாடியில் பாதிக்கும் சற்று மேலே தண்ணீர் நின்றது. கொதிகலனுக்குத் தண்ணீர் செலுத்தும் இன்ஜெக்டரைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போய் அழுத்தம் இறங்கும், ஏற்றத்தின் கடைசி இரண்டு மைலில் அதை இழக்க வேண்டாம் என்று எண்ணித் திறக்காமல் விட்டேன். உச்சியைத் தாண்டி எஞ்சினின் முகம் கீழே சாய்ந்ததும், கண்ணாடியில் இருந்த தண்ணீர் யாரோ உறிஞ்சியது போல இறங்கி, அடிவிளிம்புக்குக் கீழே மறைந்தது. இன்ஜெக்டரைத் திறக்கக் கை நீட்டுவதற்குள் ஓட்டம் முடிந்துவிட்டது.

காரணம் எளியது. எஞ்சின் ஏறும்போது கொதிகலனில் உள்ள தண்ணீர் பின்பக்கம் சாய்கிறது. கண்ணாடி இருப்பதும் பின்முனையில், ஓட்டுநர் அறையில். எனவே அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது. இறங்கத் தொடங்கியதும் தண்ணீர் முன்பக்கம் ஓடிவிட, உலையின் மேல்தகடு தண்ணீரின்றித் தீயில் காய்கிறது. நிஜத்தில் அந்தத் தகடு இளகி, கொதிகலன் வெடித்து, எஞ்சினில் இருந்தவர்கள் மாண்ட விபத்துகள் அமெரிக்க ரயில் வரலாற்றில் பல. கொதிகலன் நீளமாக இருக்க இருக்க இந்த ஆபத்து கூடுகிறது. சரி, நிறையத் தண்ணீர் விட்டுக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். அப்போது நீராவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போகும், தண்ணீர் அமுங்காது என்பதால் பிஸ்டனும் சிலிண்டர் மூடியும் உடைபடும். இந்த இரண்டுக்கும் நடுவே, வரப்போகும் பாதையை மனதில் வைத்துத் தண்ணீரை நடத்திச் செல்வதுதான் அன்றைய எஞ்சின் ஆட்களின் அறிவு. அன்று மாலை எந்தப் பக்கத்தில் படித்ததையும்விட ஆழமாக இதை நான் கற்றுக்கொண்டேன்.

இதே எஞ்சினை வேறொரு விளையாட்டில் வாங்கியபோது, வெளித்தோற்றம் கண்ணைப் பறித்தது. நீர்மட்டக் கண்ணாடி மட்டும் ஏற்றத்திலும் இறக்கத்திலும் வரைந்து வைத்த படம் போல அசையாமல் இருந்தது. ஓட்டுநர் அறையில் அமர்ந்து அதைப் பார்த்தபோது ஏமாற்றம் அல்ல, வருத்தமே மிஞ்சியது.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிக் பாயின் ஒரே கொதிகலனுக்கு அடியில், தனித்தனிச் சிலிண்டர்களும் சக்கரங்களும் கொண்ட இரண்டு தனி எஞ்சின்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் கொதிகலனிலிருந்து நேரடியாக நீராவி போகிறது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு எஞ்சினும் வேலை முடிந்த நீராவியை நான்கு முறை வெடித்து மூச்சாக விடும். இரண்டையும் இணைக்கும் தண்டு எதுவும் இல்லை என்பதாலும், சக்கரத் தேய்மானம் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதாலும், அந்த மூச்சுகள் சில நேரம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து இடி போல ஒலிக்கும்; பிறகு மெல்ல விலகி இரட்டைத் தாளமாகும்; மறுபடி வந்து சேரும். நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வே தன் ரோனோக் பட்டறையிலேயே கட்டிய ஒய்6பி எஞ்சினில் கதை வேறு. அதில் நீராவி பின்னால் உள்ள 25 அங்குலச் சிலிண்டர்களில் முதலில் வேலை செய்து, பிறகு முன்னால் உள்ள 39 அங்குலச் சிலிண்டர்களுக்குப் போய் மறுபடி வேலை செய்கிறது. புகைபோக்கிக்கு வருவது முன்சிலிண்டர்களின் மூச்சு மட்டுமே. ஆகவே, எல்லாச் சிலிண்டர்களுக்கும் நேரடியாக நீராவி விட்டுக் கிளம்பும் சிறிது நேரம் தவிர, சுற்றுக்கு நான்கே அடிகள் கேட்க வேண்டும். ஒரே ஒலிப்பதிவைப் பிக் பாய்க்கும் ஒய்6பிக்கும் ஒட்டிவைக்கும் விளையாட்டு, அந்த இரண்டு பொறியியல் வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டையே அழித்துவிடுகிறது. கேட்டுப் பழகிய காதுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பற்றுப்பிடிப்பும் அப்படியே. பிக் பாயின் தொடக்க இழுவிசை 135,375 பவுண்டு. இயக்குச் சக்கரங்களின் மேல் விழும் எடை அதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்த நான்கு மடங்குதான் சக்கரம் தண்டவாளத்தைப் பிடிப்பதற்கும் வழுக்கிச் சுழல்வதற்கும் இடையே உள்ள எல்லை. ஈரத் தண்டவாளத்தில், சிலிண்டருக்கு நீராவி விடும் ரெகுலேட்டரை முழுக்கத் திறந்தாலும் வழுக்காத எஞ்சின், எவ்வளவு அழகாக இருந்தாலும், நீராவி எஞ்சின் ஆகாது.

பென்சில்வேனியா ரயில்வேயின் டி1 வகையை நினைக்கும்போது இந்தக் கவலை கூடுகிறது. 1942 முதல் 1946 வரை 52 எஞ்சின்கள் கட்டப்பட்டன. ஒன்றுகூட மிச்சமில்லாமல் உடைத்து விற்கப்பட்டன. அது வழுக்கும் எஞ்சின் என்ற கெட்ட பெயர் அதன் வடிவமைப்பால் வந்ததா, பழைய எஞ்சின்களில் பழகிய ஓட்டுநர்கள் அதே கையோடு ரெகுலேட்டரைத் திறந்ததால் வந்ததா என்று ரயில் ஆர்வலர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அமெரிக்காவில் ஆர்வலர்கள் சேர்ந்து புதிதாக ஒரு டி1 கட்டி வருகிறார்கள். அது தடமேறும் வரை, அந்த வாதத்தை ஒருவர் தன் கையாலேயே சோதித்துப் பார்க்கச் சிமுலேட்டர் மட்டுமே உண்டு. அதற்கு உள்ளே இருக்கும் கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும்.

அத்தகைய நேர்மையான உழைப்பு இல்லாமல் இல்லை. பழைய தொழிற்சாலை வரைபடங்களைத் தேடி, வால்வின் திறப்பு நேரம் வரை கணக்கிட்டு, ஆதாயம் பெரிதாக இல்லாவிட்டாலும் ஆண்டுக்கணக்கில் ஓர் எஞ்சினோடு மல்லுக்கட்டும் சிறு குழுக்கள் இருக்கின்றன. தோற்றத்தை மட்டும் பார்க்கும் மதிப்பீட்டில் அவர்களுடைய உழைப்பு வெளியே தெரியாமலே போய்விடும். அவர்கள் செலவிட்ட நேரம் படத்தில் தெரியாத இடங்களில் அல்லவா கிடக்கிறது.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இத்தகைய எஞ்சின் ஒன்றைத் தங்கள் கட்டுரையாளர் மதிப்பிடும்போது, கண்ணாடியில் பாதித் தண்ணீரோடு ஏதேனும் ஒரு மலை உச்சியைத் தாண்டிப் பார்க்கட்டும். ஈரமான தண்டவாளத்தில் ஒரு முறை அவசரமாகக் கிளம்பிப் பார்க்கட்டும். அப்போது என்ன நடந்தது என்று நான்கு வரி சேர்த்து எழுதினால், எதை வாங்குவது என்று யோசிக்கும் என்னைப் போன்ற வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்