ஊர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும், கிராம ஆட்சிக் குழுவினருக்கும், திருச்சபை மூப்பர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்கள்தான் அதிகம், அவர்கள் காதிலும் இதைப் போட்டுவையுங்கள்.

டிசம்பர் 5, நம் ஹ்மார் இனத்தின் அறுவடைத் திருவிழாவான சிக்புய் வழக்கம்போல் நடந்தது. ஊற்றுப் பாதையைச் சீர்செய்ய இருமுறை ஊர் வேலை வைத்தோம். இரண்டாம் முறை மண்வெட்டி பிடித்தவர்கள் பெரும்பாலும் தாத்தாக்கள். கால்பந்துப் போட்டி மழையால் தள்ளிப்போனது, அப்புறம் நடக்கவில்லை.

இனி ஊர் வரலாற்றுப் புத்தகம். இது செயலாளரின் சொந்த ஆசை என்று பேச்சு இருக்கிறது. இருக்கட்டும். நம் ஹ்மார் ஊர்களில் யாரைக் கேட்டாலும் 1910இல் வேல்ஸ் நாட்டு மிஷனரி வாட்கின் ராபர்ட்ஸ் மணிப்பூரின் செண்வோன் கிராமத்துக்கு வந்ததிலிருந்துதான் கதையைத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் நம் முன்னோரின் பூர்வ இடம் என்று சொல்லப்படும் சின்லுங்கிலிருந்து எந்த மலை வழியாக வந்தோம், இந்த மேட்டில் ஜூம் சாகுபடிக்கு, அதாவது காட்டை வெட்டி எரித்துப் பயிரிட, முதலில் காட்டை வெட்டியது யார் என்பதெல்லாம் நான்கைந்து பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. 1959 மௌதாம் பஞ்சத்தைப் பற்றி ஒரு பாட்டி சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். மூங்கில் பூத்தது, எலி பெருகியது, கதிர் போனது. காட்டுக்கிழங்கை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்துத் தின்றார்களாம். இல்லாவிட்டால் தொண்டை அரிக்குமாம். மூங்கில் மறுபடி பூத்த 2006, 2007ஐ நாமே கண்ணால் பார்த்தோம். ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அடுத்தது 2050களில் வரும். அன்றைக்குப் பிள்ளைகள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

இதற்கென்று கூட்டிய கூட்டத்தில் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. முதல் அத்தியாயம் தீக் குலத்துக்கா, லுங்தாவுக்கா, ஸோதேவுக்கா என்று இருட்டும்வரை வாதம். வாதாடியவர்களில் ஒருவர்கூடத் தம் குலக் கதையை எழுதித் தரவில்லை.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம். சந்தா பாக்கிதான் பெரிய தொகை. சமைக்கும்போதெல்லாம் சபைக்கென ஒரு கைப்பிடி அரிசி எடுத்துவைக்கத் தவறாத வீடுகள்தான் நம்முடையவை. சங்கச் சந்தா என்றால் மட்டும் மறதி வந்துவிடுகிறது. ஐஸாலிலும் டெல்லியிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார்கள். மகிழ்ச்சி. அதே போனில் பணமும் அனுப்பலாம்.

2023 மே மாதம் மணிப்பூரில் இனக் கலவரம் வெடித்த பிறகு இம்பால் பக்கம் நாம் போக வழியில்லை. புத்தகத்தை அச்சிட சூராசாந்த்பூர் அச்சகத்துக்குத்தான் போகவேண்டும். மழைக்காலத்தில் திபாய்முக் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே முன்பணம் மார்ச்சுக்குள் சேர்ந்தாக வேண்டும்.

தேநீர் தந்த மகளிர் குழுவுக்கும், கூடம் தந்த சபைக்கும், கையெழுத்துப் போட மட்டுமாவது வந்துபோன செயற்குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பை வேறு யாரேனும் ஏற்க முன்வந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நோட்டுப் புத்தகங்கள் என் வீட்டு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. வாங்கிக்கொள்ள வருபவர் இந்த ஆண்டின் சந்தா ரசீதையும் கையோடு கொண்டுவரவும்.

செயலாளர்