உன் தாலர் போலி இல்லை, கண்ணா

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் உன் மனக்குறைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: உன் தாலர், அந்த ஆஸ்திரிய வெள்ளிக் காசு, போலி இல்லை.

சேகரிப்பாளர்கள் கூடிய இடத்தில் ஆசை ஆசையாக எடுத்துக் காட்டினாய். ஒருவர் கையில்கூட வாங்காமல், "ரீஸ்ட்ரைக், வெள்ளி விலைதான் தேறும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அதைப் பெட்டியிலிருந்து எடுக்கவே மனம் வரவில்லை என்கிறாய். மறு அச்சு, அதாவது பழைய ஆண்டையே போட்டுப் பிற்பாடு அடித்த காசு, என்று அவர் சொன்னது சரிதான். ஆனால் பேச்சு அதோடு நின்றுபோனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் காசைப் பற்றிய பேச்சே அங்கேதானே தொடங்குகிறது!

அந்தக் காசில் இருக்கும் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா இறந்தது 1780 நவம்பர் 29. அதன்பின் அடித்த தாலரிலும் அவர் முகமும் 1780 என்ற ஆண்டும் அப்படியே இருந்தன. செங்கடல் பக்கத்திலும் அரேபியாவிலும் எத்தியோப்பியாவிலும் வியாபாரிகள் நம்பியது அந்த முகத்தை. வேறு முகத்தை நீட்டினால் கை நீட்டி வாங்க மாட்டார்கள். காப்பிக் கொட்டை வாங்கப் போகிறவன் இந்தப் பேரரசியைக் கொண்டுபோனால்தான் வேலை நடக்கும். வியன்னாவில் மட்டுமல்ல, வேறு ஊர்களிலும் அடித்தார்கள். 1935-ல் இத்தாலி அதை அடிக்கும் உரிமையை வாங்கி ரோமில் அடித்தது. எத்தியோப்பியா மீது அது படையெடுத்த வருஷம் அது. படைக்கும் அந்த ஊரில் செல்லும் காசுதானே வேண்டும். அடுத்த வருஷமே லண்டன் தானும் அடிக்க ஆரம்பித்தது. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், உலகப் போர்க் காலத்தில் பம்பாய் என்று பட்டியல் நீளும். வியன்னாவில் இன்றும் அடிக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஆண்டு 1780தான்.

ஆகவே "அசலா, மறு அச்சா" என்று கேட்டு நிறுத்தாதே. எந்த அக்கசாலை (காசு அடிக்கும் இடம்), எந்தக் காலம் என்று கேள். பதில் காசிலேயே இருக்கிறது. பேரரசியின் தோளில் ஒரு முத்துப் பதக்கம் இருக்கிறது பார், அந்த முத்துகளை லென்ஸ் வைத்து எண்ணு. அந்தக் காலத்தில் காசை வாங்கியவர்களும் அதைத்தான் தடவிப் பார்த்தார்களாம். முத்து தெளிவாகத் தெரியாத காசை ஒதுக்கிவிடுவார்கள். பிறகு பின்பக்கத்துக் கழுகின் வால் இறகுகள், ஆண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பெருக்கல் குறி மாதிரியான சிலுவையின் வடிவம். அச்சுக்கு அச்சு இவை மாறும். இந்த வேறுபாடுகளை வைத்துத்தான் விவரம் தெரிந்தவர்கள் எந்த ஊரில் அடித்தது என்று பிரிக்கிறார்கள். முகத்துக்குக் கீழே இருக்கும் எஸ்.எஃப். என்ற எழுத்துகள் இன்றைய ஜெர்மனியில் இருக்கும் குன்ஸ்பர்க் ஊரின் அக்கசாலை அதிகாரிகள் இருவருடைய பெயரின் முதலெழுத்துகள். மறு அச்சுகளிலும் அவை தொடர்வதால், அவற்றை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதே.

போலி இல்லை என்று நான் எதை வைத்துச் சொல்கிறேன் தெரியுமா? நீ எழுதிய எடையையும், ஒரே ஒரு படத்தில் ஓரமாகத் தெரிந்த விளிம்பையும் வைத்துத்தான். இந்தத் தாலர் 28.07 கிராம் இருக்க வேண்டும்; ஆயிரத்துக்கு 833 பங்கு வெள்ளி. உன்னுடையது அதற்கு ஒரு நூலிழைதான் குறைவு. விளிம்பில் "நீதியும் கருணையும்" என்று பொருள்படும் லத்தீன் வாசகம் புடைத்து நிற்கிறது. வார்த்தெடுத்த போலியில் பெரும்பாலும் அந்த எழுத்து மழுங்கி இருக்கும், விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடு தெரியும், பரப்பில் பொடிப்பொடியாகக் குழிகள் இருக்கும். உன் காசில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சரி, என்னிடம் புதிதாக வந்து சேர்ந்ததையும் சொல்கிறேன். உனக்குக் காட்டாமல் எனக்கு அது சேர்ந்த மாதிரியே இல்லை.

மெக்சிகோவில் அடித்த எட்டு ரியால் என்ற ஸ்பானிய வெள்ளிக் காசு, ஆண்டு 1789. எழுத்து அரசர் நான்காம் கார்லோஸ் என்கிறது, முகம் அவர் தந்தை மூன்றாம் கார்லோஸுடையது! மூன்றாமவர் ஸ்பெயினில் 1788 டிசம்பரில் இறந்துவிட்டார். செய்தி கப்பலேறி வந்தது. புதிய அரசரின் முகம் செதுக்கிய அச்சு வந்து சேரவில்லை. அக்கசாலை சும்மா இருக்க முடியுமா? தந்தையின் முகத்தை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றி அடித்தார்கள். 1790-லும் இப்படி வந்தது. இறந்தவர் முகம் காசில் தொடர்ந்ததற்கு உன் தாலரில் ஒரு காரணம், என் ரியாலில் வேறொரு காரணம். இரண்டையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

என் காசு அழகான காசு இல்லை. அரசரின் கன்னத்திலும் கழுத்திலும் சின்னச் சின்ன முத்திரைக் குத்துகள். சீனத்து வியாபாரிகளும் பணம் மாற்றுபவர்களும் வெள்ளியைச் சோதித்துப் பார்த்து, "சரியாக இருக்கிறது" என்று குத்திய அடையாளங்கள். ஒரு குத்து ஆழமாக இறங்கி, பின்பக்கத்தில் ஸ்பானியச் சின்னத்தின் இருபுறமும் நிற்கும் ஹெர்குலிஸ் தூண்களில் ஒன்றை லேசாகத் தூக்கிவிட்டிருக்கிறது. விரலை வைத்தால் தெரியும். குத்து விழுந்த காசைக் கெட்டுப்போனது என்று தள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கு அது தான் வேண்டும். மெக்சிகோவில் பிறந்தது சீனா வரை போய்க் கைமாறியதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

அடுத்த முறை கூட்டத்தில் காட்டும்போது, விலையைக் கடைசியில் சொல். முதலில் நீ எதைக் கண்டுபிடித்தாய், எது புரியவில்லை என்று சொல். புரியாததைச் சொன்னால்தான் தெரிந்தவர்கள் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். எனக்குத் தெரிந்ததில் பாதி அப்படி வந்ததுதான். யாராவது புதியவர் தன் காசை நீட்டினால், கையில் வாங்கிப் பார். விளிம்பைப் பிடித்து, கீழே துணி விரித்து. அதை மட்டும் மறக்காதே.

இன்னொன்று. தாலரின் எழுத்துகளைச் சுற்றிக் கருப்பாக இருக்கிறதே, தேய்த்துப் பளபளப்பாக்கவா என்று கேட்டிருக்கிறாய். வேண்டவே வேண்டாம். அது வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து வருஷக்கணக்கில் மெதுவாகப் படிந்த நிறம். பாலிஷ் போட்டால் அதோடு மேல்பரப்பும் போய்விடும், திரும்ப வராது. பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தால் இன்றைக்கே மாற்று. நாளாவட்டத்தில் பச்சையாகப் பிசுபிசுப்பு இறங்கும். மைலார் என்ற பாலியெஸ்டர் தாள் உறை போதும். கூடவே ஒரு துண்டுச்சீட்டு வை: எப்போது, யாரிடமிருந்து வாங்கினாய், எடை எவ்வளவு, நீ பார்த்தது என்ன. விற்றவர் தனக்கு எங்கே கிடைத்தது என்று சொல்லியிருந்தால் அதையும் எழுது.

இப்போது எனக்கு இன்னும் மூன்று படம் வேண்டும். முத்துப் பதக்கம் மட்டும் ஒன்று, கழுகின் வால் ஒன்று, விளிம்பு முழுவதும் தெரிய ஒன்று. வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து எடு, புடைப்பு நன்றாக விழும். நீயும் உட்கார்ந்து எண்ணி, எந்த ஊர் என்று உனக்குத் தோன்றுவதை எழுதி அனுப்பு. நானும் இங்கே தனியாக எண்ணி வைக்கிறேன். இரண்டும் ஒத்து வருகிறதா பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா