டர்பனில் பாதி, எழும்பூரில் மீதி

எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பக ஆணையர் அவர்களுக்கும், அயலகத் தமிழர் நலத்துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து எனக்கு மின்னஞ்சல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும், கூலியாகக் கப்பல் ஏறிய தங்கள் முன்னோரைப் பற்றிப் பழைய கப்பல் பட்டியலில் உள்ள ஒரே ஒரு வரியைத்தான் அனுப்புகிறார்கள். ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம் அல்லது தழும்பு, கப்பலின் பெயர். "இந்த ஊர் இப்போது எங்கே இருக்கிறது?" என்பதுதான் கேள்வி. நான் வேலூர்க்காரன். பழைய வட ஆற்காடு ஜில்லா என்றால் என்னிடம் கேட்கச் சொல்லி ஒருவருக்கு ஒருவர் சொல்லிவிடுகிறார்கள்.

மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் மதராஸில் கப்பல் ஏறியவர்கள். அந்தக் கப்பல் பட்டியல்களை க்வாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. குடும்ப வரலாறு தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளத்தில் காசில்லாமல் கணக்குத் தொடங்கி நேட்டால் இறப்புப் பதிவுகளையும் தேடலாம். பாட்டியின் இறப்புப் பதிவில் தொடங்கி, கொள்ளுத்தாத்தாவின் எண்ணைப் பிடித்து, கப்பல் வரைக்கும் வீட்டிலிருந்தபடியே போய்விடுகிறார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் வந்ததும் வழி அடைபட்டு நிற்கிறது.

முதல் தடை ஊர். வட ஆற்காடு ஜில்லாவின் ஒரு பகுதி 1911-இல் சித்தூர் ஜில்லாவோடு போய், இன்று ஆந்திராவில் இருக்கிறது. மிச்சம் 1989-இல் இரண்டானது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பட்டியல் எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்தார். புத்தூர், நல்லூர் போன்ற பெயர்களில் எத்தனை ஊர்கள்! பழைய ஜில்லா, தாலுகா, கிராமப் பெயர்களை இன்றைய வருவாய்க் கிராமங்களோடு பொருத்திக் காட்டும் ஓர் அட்டவணை இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். அதற்கு வேண்டிய செட்டில்மெண்ட் (நிலவரி நிர்ணய) பதிவேடுகள், தாலுகா வரைபடங்கள், கிராமப் பட்டியல்கள் அரசிடம்தான் இருக்கின்றன.

இரண்டாவது தடை இன்னும் பெரியது. ஊரைக் கண்டுபிடித்த பிறகு அங்கே யாரைத் தேடுவது? நிலப் பதிவேட்டில் பட்டாதாரர் பெயர் இருக்கும். கப்பல் ஏறியவர்களில் பலருக்கு ஒரு சென்ட் நிலமும் கிடையாது. பிறந்த ஊரின் கணக்கில் ஒருபோதும் ஏறாத பெயர் முதன்முதலாகக் காகிதத்தில் ஏறியது கூலிக் கப்பலின் பட்டியலில்தான். பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும். 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது போக வேண்டும் என்று விதி இருந்தது. அப்படிப் போன பெண்ணின் பெயரும், தகப்பன் பெயரும், ஊரும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. அவள் பிறந்த ஊரில் அவளைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை என்றால் அதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே என் முக்கியமான கோரிக்கை பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் பற்றியது. 1899-ஆம் ஆண்டின் மதராஸ் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி எழுதப்பட்ட அந்தப் பதிவேடுகளில் நிலம் உள்ளவர், இல்லாதவர் என்ற பேதம் இல்லை. போனவர் பெயர் கிடைக்காவிட்டாலும், ஊரிலேயே தங்கிவிட்ட தம்பியின் சாவு அதில் இருக்கலாம். உறவைத் தொட அது போதும். தாலுகா அலுவலகங்களிலும் சார்பதிவாளர் அலுவலகங்களிலும் எஞ்சியிருக்கும் பழைய ஏடுகளைத் திரட்டிப் படமெடுங்கள். நூறு ஆண்டு தாண்டியவற்றை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிடுங்கள். உடைந்து பொடியாகிற தாள்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இது காத்திருக்கக்கூடிய வேலை இல்லை.

சாதிக் கலத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். மூலப் படத்தில் உள்ளது உள்ளபடி இருக்கட்டும். ஆனால் சாதியை வைத்துத் தேடும் வசதி வேண்டாம். வருகிறவர்கள் ஊரையும் உறவையும் தேடி வருகிறார்கள்.

மற்றவர்கள் செய்துகாட்டிய வேலைதான் இது. சூரினாமுக்குப் போன இந்தியர்களின் பதிவுகளை நெதர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் இலவசமாகத் தேடத் தருகிறது. ஃபிஜி, கயானா, சூரினாம், டிரினிடாட் நாடுகள் தங்களிடமுள்ள இந்திய ஒப்பந்தக் கூலிகளின் ஆவணங்களை 2011-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தன. மொரிஷியஸ் 2015-இல் சேர்த்தது. வந்து சேர்ந்த கரைகள் இவ்வளவு அக்கறையாகக் காக்கும்போது, வழியனுப்பிய கரைக்குப் பொறுப்பு கூடுதல்.

அயலகத் தமிழர் நலத்துறைக்குத் தனியாக ஒன்று. 'வேர்களைத் தேடி' திட்டத்தில் வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளை அழைத்து வந்து தமிழ்நாட்டைச் சுற்றிக் காட்டுகிறீர்கள். மனமார்ந்த நன்றி. அடுத்த முறை விண்ணப்பத்திலேயே கப்பல் பட்டியலில் உள்ள முன்னோரின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ஊர் தெரிந்த பிள்ளைக்கு ஒரு நாள் ஒதுக்கி, கிராம நிர்வாக அலுவலரைத் துணைக்கு வைத்து அந்த ஊருக்கு அனுப்புங்கள்.

எல்லா ஜில்லாவையும் ஒரேயடியாகத் தொட வேண்டாம். வட ஆற்காட்டின் கிராமப் பட்டியலில் தொடங்கலாம். பெயர்களைச் சரிபார்க்க ஊர் ஊராகப் போகவேண்டியிருந்தால் நான் போகிறேன், கூலி வேண்டாம். பதிவேடுகளைப் பார்க்க அனுமதிக் கடிதம் ஒன்று மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
வேலூரிலிருந்து ஓர் ஆர்வலர்