30 வினாடியில் ஒரு ஜமக்காளம்

அன்புள்ள தோழிக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததை அறிந்து மகிழ்ந்தேன். பள்ளிப் பிள்ளைகளை விளம்பரப் படம் எடுக்க வைப்பது அவர்களுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பதாக ஆகிவிடாதா என்று கேட்டிருந்தாய். இத்தனை ஆண்டுகளாக விளம்பரப் படங்களையே வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் நீ அதைக் கேட்டதால், விரிவாகவே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் மாஸ் மீடியா ஸ்டடீஸ் என்று ஒரு திறன் பாடம் இருப்பது உனக்குத் தெரியும். அதை எடுத்திருக்கும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் குழுக்களாகப் பிரிந்து, தங்கள் ஊரில் உண்டாகும் ஒரு பொருளுக்கு 30 வினாடி விளம்பரம் எடுக்க வேண்டும் என்பது இந்த ஆண்டு நான் கொடுத்த வேலை. பவானியில் இருந்துகொண்டு ஜமக்காளத்தைத் தவிர்க்க முடியுமா? ஒரு குழு அதைத்தான் எடுத்துக்கொண்டது. மற்றக் குழுக்களும் நன்றாகவே செய்தார்கள் என்றாலும், உன் கேள்விக்கான பதில் இந்தக் குழுவின் வேலையில்தான் இருக்கிறது.

அவர்கள் முதலில் எழுதிக் கொண்டுவந்த திரைக்கதையில் கல்யாண வீடும், கண் கலங்கும் அப்பாவும், பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டும் இருந்தன. பேச்சு முழுவதும் தொலைக்காட்சியிலிருந்து வந்த பேச்சு: இயற்கைச் சாயமிட்டது, தலைமுறைகளுக்கு உழைப்பது, உலகிலேயே தலைசிறந்தது. நான் எதையும் அடிக்கவில்லை. ஒவ்வொரு கூற்றின் அடியிலும் கோடு போட்டு, இது உனக்கு எப்படித் தெரியும் என்பதைப் பக்கத்திலேயே எழுதிவரும்படி மட்டும் சொன்னேன். அதற்காக அவர்கள் நெசவாளர் வீடுகளுக்குப் போனார்கள். நூல் சாயமேற்றியே வருகிறது, அது ரசாயனச் சாயம்தான் என்று முதல் வீட்டிலேயே ஓர் அம்மா சொல்லிவிட்டார். இயற்கைச் சாயம் போயிற்று. உலகிலேயே தலைசிறந்தது என்பதை எவராலும் நிறுவ முடியாது என்று அவர்களே அதை நீக்கிக்கொண்டார்கள். தலைமுறைக் கணக்குக்கு அந்த அம்மா தம் வீட்டில் தினமும் விரித்துப் படுக்கும் பழைய ஜமக்காளம் ஒன்றைக் காட்டினார். அது எந்த ஆண்டு நெய்தது என்று அவருக்கே நினைவில்லை. ஆகவே அந்தக் கூற்றும் நிற்கவில்லை, ஆனால் அந்தப் பழைய விரிப்பு படத்துக்குள் வந்துவிட்டது.

கடைசியில் தேறியவை சில மட்டுமே. இது பவானியில் நெய்யப்படுவது. குழிக்குள் கால் வைத்து அமர்ந்து நெய்யும் குழித்தறியில் கையால் நெய்யப்படுவது. ஓர் ஊரின் பெயரை அந்த ஊர்ப் பொருளுக்கே உரியதாகக் காக்கும் புவிசார் குறியீடு பெற்றது. இவ்வளவு வெளுத்துப்போன செய்தியை வைத்து என்ன விளம்பரம் செய்வது என்று பிள்ளைகள் சோர்ந்துபோனார்கள். அப்போதுதான் 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட பதினொரு வகைத் துணிகளின் பட்டியலில் ஜமக்காளமும் இருக்கிறது. விசைத்தறியில் அதை நெய்வதே சட்டத்துக்குப் புறம்பானது. ஆனாலும் விசைத்தறி விரிப்புகள் பவானிப் பெயரில் மலிவாக விற்கப்படுவதை அவர்கள் நெசவாளர் வீடுகளில் கேட்டு வந்திருந்தார்கள். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் தங்கள் விளம்பரம் என்ன சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கே விளங்கியது. வாங்குகிறவர், கையால் நெய்தது என்று உறுதி சொல்லும் கைத்தறி முத்திரையைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் அது. 2006ஆம் ஆண்டிலிருந்து அந்த முத்திரை இருக்கிறது. தாங்கள் படம்பிடிக்கப் போகும் விரிப்பில் அது தைக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டே அந்த வரியை எழுதினார்கள்.

உன் கேள்விக்கு என் பதில் இதுதான். விளம்பரத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அதில் மிகை எங்கே நுழைகிறது என்பது தெரிவதில்லை. தானே ஒன்றை எழுதி, அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பேற்க வேண்டிய நிலை வரும்போது அந்த இடம் கண்ணில் படுகிறது. சட்டத்தையும் நான் அந்தச் சமயத்தில்தான் கற்பித்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரையிலும் தண்டம் விதிக்கலாம் என்பதைக் கேட்டு வியந்தார்கள். அதைவிட அவர்களைப் பிடித்துக்கொண்டது 2022ஆம் ஆண்டு விளம்பர வழிகாட்டு நெறிகளில் உள்ள ஒரு விதி: கூற்றுக்கு வரம்பு சொல்லும் பொறுப்புத் துறப்பு வாசகம், விளம்பரத்தின் கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும். அன்று மாலையே வீட்டில் தமிழ் விளம்பரங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அடியில் பொடி எழுத்தில் ஓடும் ஆங்கில வரிகளைப் படம்பிடித்து வந்துவிட்டார்கள். அந்தப் படங்களைச் சுவரில் ஒட்டி ஒரு வகுப்பு முழுவதும் பேசினோம்.

படப்பிடிப்பைப் பற்றி உனக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது! ஆனாலும் பிள்ளைகள் வழி கண்டதைச் சொல்கிறேன். தறி இருக்கும் அறையில் ஒரே சன்னல். தெர்மாகோல் பலகையை எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்து, அந்த அம்மாவின் முகத்தில் நிழல் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். குழல் விளக்கு எரியும்போது திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடியதைக் கண்டு கைப்பேசி கெட்டுவிட்டது என்று பயந்தார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் துடிப்பதால் ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு படமும் ஒளி வாங்கும் நேரத்தை, அதற்கு இசைய ஐம்பதில் ஒரு பங்கு வினாடி என்று வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் பட்டைகள் மறைந்தன. இயற்பியல் பாடத்தில் படித்த மாறுமின்சாரம் கண்முன் தெரிகிறது என்று ஒரு மாணவி சொன்னது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

அந்த அம்மாவுக்குக் கூலி நெய்கிற அளவுக்குத்தான். பிள்ளைகளுக்காக அவர் தறியை நிறுத்தி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு நட்டம். இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னபோது, இன்னொரு முறை செய்து காட்டுங்கள் என்று கேட்பதில்லை என அவர்களே தீர்மானித்தார்கள். அவர் நெய்வதை நெய்தபடியே எடுப்பது, கிடைக்காததை மறுநாள் எடுப்பது. இதனால் வேலை நீண்டாலும், படத்தில் அவர் நடிக்கவே இல்லை என்பது பார்க்கும்போது தெரிகிறது. எந்தக் காட்சி எங்கே காட்டப்படும் என்பதைத் தமிழில் எழுதி, படித்துக் காட்டி, அவருடைய ஒப்புதல் கையெழுத்தும் வாங்கினார்கள். படத்தில் தோன்றும் மாணவர்களின் பெற்றோரிடமும் அப்படியே.

குழுவுக்குள் தொல்லை வந்தது வேறோர் இடத்தில். நல்ல கைப்பேசி யாரிடம் இருந்ததோ அந்த மாணவன் கேட்காமலேயே இயக்குநர் ஆகிவிட்டான். கதையை எழுதிய பெண் ஓரத்தில் நின்றாள். குழு வேலையில் இதை ஆசிரியர்கள் போதுமான அளவுக்குக் கவனிப்பதில்லை என்பது என் உறுதியான எண்ணம். கருவியின் உரிமை கருத்தின் உரிமையாக மாறிவிடக் கூடாது. ஆகவே பள்ளியின் கைப்பேசியில்தான் எடுக்க வேண்டும் என்று விதித்தேன். மதிப்பெண்ணிலும் பாதி குழுவுக்கு, மீதி அவரவர் எழுதும் வேலைக் குறிப்புக்கு: நான் என்ன முடிவெடுத்தேன், ஏன் எடுத்தேன், யார் சொல்லி மாற்றிக்கொண்டேன். ஒலிப்பதிவு செய்த அமைதியான பையனின் குறிப்பைப் படித்த பிறகுதான், படத்தின் உயிரான முடிவு அவனுடையது என்று எனக்கே தெரிந்தது.

அது பாட்டைப் பற்றிய முடிவு. சினிமாப் பாட்டை எடுத்தாளும் உரிமை நமக்கு இல்லை என்றதும், பாரதியார் பாடல் ஒன்றைத் தாங்களே பாடலாமா என்று கேட்டார்கள். பாரதியின் பாடல்களை 1949ஆம் ஆண்டு சென்னை அரசு வாங்கிப் பின்னர் பொதுவுடைமை ஆக்கியதைச் சொல்லி, தாராளமாகப் பாடலாம் என்றேன். பாடிப் பதிவும் செய்தார்கள். ஆனால் அந்தப் பையன் வேறொரு கைப்பேசியைத் தறியின் அருகே வைத்து, மிதியின் சத்தத்தையும் குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடா ஓடும் சத்தத்தையும் தனியே எடுத்திருந்தான். அதைப் படத்தோடு ஓட்டிப் பார்த்தபோது பாட்டு வேண்டாம் என்று எல்லாரும் ஒருமனதாகச் சொன்னார்கள். காட்சிகளை அந்தத் தறி ஓசைக்கு ஏற்ப வெட்டினார்கள்.

30 வினாடி என்பது எவ்வளவு சிறியது என்பதை வெட்டும்போதுதான் உணர்ந்தார்கள். வினாடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்) என்றால் மொத்தமே 750 சட்டங்கள். தமிழில் நிதானமாகப் பேசினால் 45 சொற்களுக்கு மேல் அதில் அடங்கவில்லை. அதற்கு மேல் போனால் கேட்பவருக்கு மூச்சு முட்டுகிறது. 1941ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நியூயார்க்கில் ஒளிபரப்பான புலோவா கைக்கடிகார விளம்பரத்தைப் பற்றி அவர்களுக்குச் சொன்னேன். திரையில் ஒரு கடிகாரம், மிகக் குறைந்த பேச்சு. தொலைக்காட்சியின் முதல் விளம்பரம் என்று அறியப்படுவது அதுதான். அதைக் கேட்டுவிட்டுத் தங்கள் பேச்சில் பாதியை அவர்களே குறைத்துவிட்டார்கள்.

முதல் வடிவத்தை அந்த நெசவாளர் அம்மாவிடம் காட்டியபோது, பாவு (தறியின் நீளவாட்டு நூல்) பூட்டுவதற்கு முன்பே நெய்வதாக வந்திருக்கிறதே என்று ஒரே பார்வையில் சொன்னார். எங்கள் யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை. திருத்தினார்கள். அடுத்து அவர், விலையை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அந்தக் கேள்வியால் குழு இன்றுவரை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. விலையைப் போட்டால் மலிவான விசைத்தறி விரிப்போடு ஒப்பிட்டு மக்கள் விலகிவிடுவார்கள் என்கிறது ஒரு பக்கம். விலையைப் போட்டு, அதில் நெசவுக் கூலி எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறது இன்னொரு பக்கம். நான் இரண்டாவது பக்கம். ஆனால் என் கருத்தை அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.

படத்தை உனக்கு அனுப்பிவைக்கிறேன். கடைசி நான்கு வினாடியில் முத்திரையும் விலையும் கூலியும் மூன்றும் கண்ணில் நிற்குமா, அல்லது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டுமா என்று பார்த்துச் சொல். பிள்ளைகளுக்கே நேராக எழுதினால் இன்னும் நல்லது. வரும் வெள்ளிக்கிழமை அவர்கள் முடிவெடுக்க வேண்டும்.

அம்மாவுக்கு என் வணக்கங்கள்.

என்றும் அன்புடன்,
உன் பவானித் தோழி