ஐக் இக்குஹாராவுக்கு ஓர் இடம் கொடுங்கள்

கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் இயக்குநர் குழுவினருக்கு,

வணக்கம். 2025 ஜூலையில் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது ஜப்பானிய நட்சத்திரம் இச்சிரோ உங்கள் மேடையில் பேசியதை முழுதாகக் கேட்டேன். ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டு வந்தவர் நடுவில் “நோமோ-சான்” என்று அழைத்து ஜப்பானிய மொழியில் நன்றி சொன்னார் பாருங்கள், கண் கலங்கிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. இச்சிரோவுக்கு வழி போட்டவர் பந்துவீச்சாளர் நோமோ. சரி, நோமோவுக்கு?

உங்களுக்குத் தெரியாத வரலாறு இல்லை. அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் ஆடிய முதல் ஜப்பானியர் முரகாமி 1965 சீசனோடு ஊர் திரும்பினார். அதற்கு அப்புறம் 1995இல் நோமோ வரும்வரை மேஜர் லீக்கில் ஒரு ஜப்பானிய வீரர்கூட ஆடவில்லை. அந்த ஆண்டுகளை எல்லோரும் வெற்றிடம் என்றே எழுதுகிறார்கள். முரகாமி கிளம்பிய அதே 1965இல் அமெரிக்கா வந்து, 1992இல் இறக்கும்வரை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியோடு இருந்த அகிஹிரோ இக்குஹாராவை, நீங்கள் எல்லோரும் ஐக் என்று கூப்பிட்ட அந்த மனிதரை, அப்போது எந்தக் கணக்கில் வைப்பது?

அவர் எப்படி ஆரம்பித்தார் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். வசேதா பல்கலைக்கழக அணியில் பந்தைப் பிடிக்கும் கேட்சர். ஆசியா பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளர். டோக்கியோவில் அவர் ஒரு சொல் சொன்னால் மாணவர்கள் ஓடி வந்து நிற்பார்கள். அப்படிப்பட்டவர் 28 வயதில், ஆங்கிலம் சரியாக வராத நிலையில், ஸ்போகேன் நகரில் டாட்ஜர்ஸின் கீழ்மட்ட (மைனர் லீக்) அணியின் உடைமாற்றும் கிளப்ஹவுஸில் மற்றவர்களின் யூனிஃபார்மைத் துவைத்தார், ஷூக்களைத் துடைத்தார். தரையில் சறுக்கி ஸ்லைடு அடித்து எழுந்தவனின் வெள்ளைப் பேன்ட்டில் மண் எப்படி அப்பியிருக்கும் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். தன் மாணவர்கள் வயதுப் பையன்களின் அழுக்கு அது. அதைக் கேவலமாக நினைத்து அவர் கப்பல் ஏறிவிடவில்லை. அமெரிக்காவில் ஒரு அணியை எப்படி நடத்துகிறார்கள் என்று கற்க வந்தவர், அடிமட்டத்திலிருந்தே கற்றார்.

அந்த ஸ்போகேன் அணியை அப்போது நடத்திக்கொண்டிருந்தவர் பீட்டர் ஓ'மாலி. இருவரும் 1937இல் பிறந்தவர்கள். ஒருவர் முதலாளி வீட்டுப் பிள்ளை, இன்னொருவர் துணி துவைக்கிறவர். ஆனாலும் அந்த நட்பு 27 வருடம் நின்றது. 1970இல் பீட்டர் டாட்ஜர்ஸ் தலைவரானார். ஐக் அவருடைய உதவியாளராக, ஜப்பானுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் நடுவில் பாலமாக இருந்தார். பீட்டர் ஒலிம்பிக்கில் பேஸ்பாலைச் சேர்க்கப் போராடியபோதும் கூடவே நின்றார். 1984இல் டாட்ஜர் ஸ்டேடியத்தில் நடந்த ஒலிம்பிக் காட்சிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவை ஜப்பான் 6-3 என்று வென்றது. 1992இல் பார்சிலோனாவில் பேஸ்பால் முறையான பதக்க விளையாட்டானது. அந்த அக்டோபரிலேயே ஐக் போய்விட்டார். வயது 55தான். இரண்டரை ஆண்டு கழித்து டாட்ஜர்ஸ் சட்டையில் நோமோ பந்து வீச வந்ததைப் பார்க்க அவர் இல்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

ஜப்பான் ஹால் ஆஃப் ஃபேம் அவரை 2002இலேயே சேர்த்துக்கொண்டது. டாட்ஜர்ஸ் முதலாளியாக இருந்த பீட்டரின் அப்பா வால்டருக்கு 2008இல் நீங்கள் இடம் கொடுத்தீர்கள், அது நியாயம்தான். ஐக்கை மட்டும் ஏன் விட்டீர்கள்? வெளியே தெரிகிற வேலைக்குத்தான் மதிப்பா? ஜப்பானிய நட்சத்திரம் ஓடானியின் 1.7 கோடி டாலரைத் திருடிய அவருடைய மொழிபெயர்ப்பாளரை இன்று பேஸ்பால் தெரியாதவர்களுக்கும் தெரியும். ஒரு வீரன் பக்கத்திலோ முதலாளி பக்கத்திலோ நிற்கிற ஜப்பானியர் என்றால் இனி அந்த முகம்தான் நினைவுக்கு வரும் போலிருக்கிறது. 27 வருடம் ஒரு சொல்லுக்கும் இடம் வைக்காமல் பக்கத்தில் நின்றவரை யாருக்கும் தெரியவில்லை. இதற்குக் கோபம் வராதா?

மன்னியுங்கள், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். கறுப்பின வீரர்களின் லீக்கில் ஆடிய பக் ஓ'நீல் பெயரில் உங்களிடம் வாழ்நாள் சாதனை விருது இருக்கிறது. அந்த விருதை ஐக் இக்குஹாராவுக்குக் கொடுங்கள். ஓ'நீலை 2006இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த ஆண்டே அவர் இறந்தார். 2022இல்தான் உள்ளே சேர்த்தீர்கள். தாமதம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் பெயரில் உள்ள விருதையாவது இதற்கு மேல் தாமதிக்காமல் ஐக்குக்குக் கொடுங்கள் என்று பணிவோடு கேட்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. அறிவிப்பு எழுதும்போது ஒலிம்பிக்கையும் டாட்ஜர்ஸையும் மட்டும் போட்டு முடித்துவிடாதீர்கள். ஸ்போகேனில் துணி துவைத்ததையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு பேஸ்பால் ரசிகன்