தேசியத் தொழில்நுட்பக் கொள்கைக்கான கருத்துக்கேட்பை எங்கள் கரையிலேயே, தமிழில் நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
நாட்டுப்படகு, விசைப்படகு மீனவர்கள், கடற்பாசி எடுக்கும் பெண்கள்,
பாம்பன் – மண்டபம் கரையோரம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: பொருளாதார வளர்ச்சிக்கான தேசியத் தொழில்நுட்பக் கொள்கை வரைவுகள் மீது கடலோர மக்களின் கருத்தைக் கேட்டுப் பதிவு செய்து, ஒன்றிய அரசுக்கு அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

கரையில் உட்கார்ந்து எங்கள் மக்கள் சொல்லச் சொல்ல, நான் இந்த மனுவை எழுதியிருக்கிறேன். என் அப்பா நாட்டுப்படகுக்காரர். அம்மா சிறு வயதிலிருந்து பாசி எடுக்கிறவர்.

2020 டிசம்பர் கடைசியில் ஐந்தாவது தேசிய அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கக் கொள்கையின் வரைவு மக்கள் கருத்துக்காக வெளியானது. அதற்கு முன் 1958, 1983, 2003, 2013 என நான்கு கொள்கைகள் வந்திருக்கின்றன. எனக்குக் கிடைத்தது ஆங்கிலப் பிரதி. இரண்டு ராத்திரி உட்கார்ந்து அம்மாவுக்கும் அவரோடு கடலுக்குப் போகிற பெண்களுக்கும் தமிழில் படித்துச் சொன்னேன். பாரம்பரிய அறிவையும் ஆராய்ச்சியையும் இணைப்பது பற்றிய பகுதி வந்தபோது ஒரு பெரியம்மா கேட்டார்: "நம்மகிட்ட என்ன இருக்குன்னு அவங்களுக்கு யாரு சொல்லுவாங்க?" எங்கே, எப்படிச் சொல்வது என்று விசாரித்து முடிப்பதற்குள் கெடு தாண்டிவிட்டது.

ஒரு முறை கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்று நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். காலை பதினொரு மணி, திரையில் முழுக்க ஆங்கிலம். படகு கரை சேர்ந்து மீனை ஏலம் விட்டு எங்கள் ஆட்கள் வருவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. அங்கிருந்தவர்கள் எங்களை மதிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் நேரம் அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எங்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்பதையும் இங்கே எழுதுகிறேன். மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்ற கடற்பாசிகளை எடுக்கிற பெண்கள் கடலில் நீந்திப் போக அலுமினியத் தட்டைக் காலில் கட்டிக்கொண்டார்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டார்கள். இதுவும் தொழில்நுட்பம்தான். மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் பாசி எடுப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களை முன்னின்று நடத்திய சின்னப்பாலத்துப் பெண்ணுக்கு 2015-ல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. கடலைக் காப்பாற்றிக்கொண்டே பிழைப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் இவர்கள். கொள்கை எழுதுகிறவர்கள் இவர்களோடு ஒரு சாயங்காலம் பேச வேண்டாமா?

பாசி வளர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மூங்கில் மிதவையில் கட்டிய பாசி நாற்பத்தைந்து நாளில் அறுவடைக்கு வரும். சுமார் பத்து கிலோ ஈரப்பாசி காய்ந்தால்தான் ஒரு கிலோ கிடைக்கும். வெயில் மாதங்களில் கடல் சூடேறினால் பாசி வெளுத்து உதிர்ந்துவிடும், காயப்போட்ட நேரத்தில் மழை பிடித்தால் அதுவும் போச்சு. இந்த மாவட்டத்தில், கமுதியில், 2016-லேயே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்துவிட்டது. அதே வெயிலில் எங்கள் பெண்கள் இன்னும் மணலில் பாசியைப் பரப்பிவைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்கு ஒரு சூரிய உலர்த்தியும், கடல் சூடாகப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் ஏற்பாடும்தான் எங்களுக்கு வளர்ச்சி.

அப்புறம், மீன் இருக்குமிடம் சொல்லும் சேவை. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் கடலின் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்த்து மீன் கூடும் இடத்தைச் சொல்கிறது. ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி, நன்றியோடு சொல்கிறோம். ஆனால் பாக் நீரிணை ஆழமில்லாத கடல். வத்தை என்ற சிறு படகில் போகிறவருக்கு மீன் எங்கே என்பது ஓரளவு தெரியும். வாடைக் காற்று எப்போது எழும்பும், கச்சான் காற்று எப்போது விழும் என்பதுதான் அவருக்கு உயிர்ப் பிரச்சினை. அதைச் சொல்லும் கருவி கொடுத்தாலும் வத்தையில் அதற்கு மின்சாரம் ஏது? உப்புக்காற்றில் எத்தனை நாள் தாங்கும்? இதையெல்லாம் படகில் ஏறாமல் எழுதிவிட முடியாது.

ஆகவே தங்களிடம் கேட்பது இதுதான். ஒன்றிய அரசு இனி எந்தத் தொழில்நுட்பக் கொள்கை வரைவை வெளியிட்டாலும், அதன் தமிழ்ச் சுருக்கம் எங்கள் ஊராட்சி அலுவலகங்களில் கிடைக்க வேண்டும். இது முடியாத காரியமல்ல. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிடும்படி தில்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. சட்ட வரைவுகளுக்கே குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்று ஒன்றிய அரசு 2014-ல் முடிவெடுத்திருக்கிறது. எங்களைப் போல வாய்வழியாகக் கேட்டுப் பேசுகிற மக்களுக்கு 60 நாளாவது வேண்டும் என்று தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

எங்கள் கரையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகுக்காரர்கள் சாயங்காலம் ஊரில் இருப்பார்கள். மே 1 கிராம சபையும் அதற்குள் வந்துவிடுகிறது, அதில் இதை ஒரு பொருளாகச் சேர்த்துவிடலாம். கிராம சபை இல்லாத இராமேசுவரம் நகராட்சிக்கும் மண்டபம் பேரூராட்சிக்கும் தனியாக ஒரு சாயங்காலம் ஒதுக்க வேண்டும். விளக்கிச் சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. மத்திய கடல் மீன் வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் மண்டபத்திலேயே இருக்கிறது, கடற்பாசி ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான். பாம்பனில் 'கடல் ஓசை' சமுதாய வானொலி இருக்கிறது. வரைவை அதில் பேச்சுத் தமிழில் சொல்லி, எழுதத் தெரியாதவர்களின் கருத்தைக் குரலாகவே பதிவு செய்து, அதையும் எழுத்து மனுவுக்குச் சமமாக ஏற்க வேண்டும். பாசிப் பெண்களுக்குத் தனிக் கூட்டம் வையுங்கள். ஆண்கள் நிறைந்த சபையில் அவர்கள் வாய் திறப்பது குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களைத் தவிர்த்துவிடுங்கள், அப்போது அவர்கள் கடலில் இருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. நாங்கள் சொன்னதில் எதை எடுத்துக்கொண்டார்கள், எதை ஏன் விட்டார்கள் என்ற பதிலைத் தமிழில் வாங்கி, அடுத்து வருகிற ஆகஸ்ட் 15 கிராம சபையில் வாசிக்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். அந்தப் பெரியம்மாவுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாம்பன் – மண்டபம் கரையோர மக்கள்

(கையொப்பங்களும் கைநாட்டுகளும் இணைக்கப்பட்டுள்ளன)

நகல்: மீன்வளத் துறை, இராமநாதபுரம், அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறை, புது தில்லி.