ஆண்டறிக்கை 2022–23: பலராம் இல்லாத ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, மூத்த உறுப்பினர்களே, மைதானத்திலிருந்து நேராக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை நம் கால்பந்து ரசிகர் சங்கம் செய்த வேலைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வழக்கமாகப் போட்டிகள், கணக்கு, அஞ்சலி என்ற வரிசையில்தான் செயலாளர் அறிக்கை போகும். அஞ்சலி கடைசியில் நாலு வரியில் முடிந்துவிடும். இந்த வருடம் அப்படி முடிக்க மனம் வரவில்லை. மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

நிர்வாகக் குழு மாதம் ஒருமுறை கூடியது. மழையால் நவம்பர் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. கோடை விடுமுறையில் காலைப் பயிற்சி தவறாமல் நடந்தது. பெண் பிள்ளைகள் போன வருடத்தைவிட அதிகம் வந்தார்கள் என்பதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அவர்களை அழைத்துவந்து, ஆட்டம் முடியும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்து கூட்டிப்போன அம்மாக்களுக்கு நன்றி. பிள்ளைகளுக்கு வாங்கிய பூட்ஸில் பாதி தவறான அளவில் வந்ததும், மாற்றி வாங்க ஒன்றரை மாதம் அலைந்ததும் உங்களுக்குத் தெரியும். இனி அளவு போட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுப்பது என்று குழு முடிவு செய்திருக்கிறது. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

உலகக் கோப்பை நடந்த டிசம்பர் மாதம் நம் வியாசர்பாடி எப்படி இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. தெருவுக்குத் தெரு பிரேசிலின் மஞ்சள் கொடியும் அர்ஜென்டினாவின் நீலக் கொடியும் பறந்தன. டிசம்பர் 18 ஞாயிறு இரவு, திரை கட்டி இறுதி ஆட்டத்தைப் போட்டோம். அர்ஜென்டினா 3, பிரான்ஸ் 3. எம்பாப்பே ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தும் பெனால்டியில் மெஸ்ஸியின் அணி 4–2 என்று ஜெயித்தது. பிரேசில் கட்சிக்காரர்கள்கூட அன்றைக்குக் கட்டிப்பிடித்துக் கொண்டார்கள்.

அடுத்த பதினோராம் நாள், டிசம்பர் 29 அன்று, சாவ் பாவ்லோவில் பெலே காலமானார். 82 வயது. மறுநாள் காலை பால் வாங்க வந்தவர்கள் நம் தெருமுனையில் ஃப்ளெக்ஸைப் பார்த்தார்கள். ஒரே இரவில் அடித்துக் கட்டிவிட்டோம். மாலையில் மெழுகுவர்த்தி ஏந்திப் பெரிய ஊர்வலமே போனோம். அது மனதார நடந்த காரியம். பெலே அதற்குத் தகுந்தவர். அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ஆனால் அதே வாரம், டிசம்பர் 26 முதல், கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனையில் 86 வயதுப் பெரியவர் ஒருவர் படுத்திருந்தார். நாம் பெலேவுக்கு மாலை போட்டபோதும், பொங்கலுக்கு ஐவர் போட்டி நடத்தியபோதும் அங்கேயேதான் இருந்தார். 2023 பிப்ரவரி 16, வியாழக்கிழமை பிற்பகல் இறந்துபோனார். அவர் பெயர் துளசிதாஸ் பலராம். இந்தியாவுக்காக இரண்டு ஒலிம்பிக்கில் ஆடிய கால்பந்து வீரர்.

அன்று மாலை நம் வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டேன். "யார் அண்ணா இவர்?" என்று முதல் பதில் வந்தது. கேட்ட தம்பியைக் குறை சொல்லவில்லை. ஃப்ளெக்ஸுக்கு ஒரு நல்ல படம் கிடைக்குமா என்று தேடியபோது, என்னிடமே அவர் படம் ஒன்றுகூட இல்லை. இருபது வருடமாக இந்தச் சங்கத்தில் இருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை நம் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், வீடு தேடி வந்தார். செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "பலராம்னா நம்ம ஆளுப்பா. செகந்திராபாத் தமிழ்க் குடும்பம். அம்மா பேரு முத்தம்மா" என்றார். அவர் வாயால் அந்தப் பெயரைக் கேட்டபோதுதான், இது எங்கோ நடந்த மரணம் இல்லை, நம் வீட்டில் நடந்தது என்று எனக்கு உறைத்தது.

பிப்ரவரி 19 ஞாயிறு மாலை சங்க அறையில் அஞ்சலிக் கூட்டம் நடத்தினோம். வந்தவர்கள் பதினோரு பேர், அவர்களில் நாலு பேர் பிள்ளைகள். நம் ரயில்வே பெரியவர் பேசினார், நானும் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொன்னேன். வராதவர்களுக்காக இங்கே மறுபடி சொல்கிறேன்.

பலராம் 1936-இல் செகந்திராபாத் பக்கம் அம்முகூடாவில் பிறந்தவர். பட்டாளத்துக் குடியிருப்பு உள்ள ஊர். வீட்டில் வசதி கிடையாது. பூட்ஸ் வேண்டுமென்று அம்மாவிடம் கெஞ்சி இரண்டு ரூபாய் வாங்கி, போலீஸ்காரர்கள் போட்டுக் கழித்த பழைய பூட்ஸைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மாற்றித்தான் முதல் ஜோடியைப் போட்டுக்கொண்டார். அப்புறம் ஹைதராபாத்தின் பெரிய பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் கண்ணில் பட்டார். தினமும் ஹைதராபாத் வந்து போக என்னிடம் காசில்லை என்று பையன் சொல்ல, வாடகை சைக்கிளுக்கு ரஹீமே காசு கொடுத்தார். அந்த சைக்கிள் வாடகையில் வந்தவர்தான் 1956-இல், 20 வயதில், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடினார். அந்த ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம். ஒலிம்பிக் கால்பந்தில் அதற்கு மேல் இன்றுவரை நாம் போனதில்லை.

1960 ரோம் ஒலிம்பிக்கைப் பற்றிப் பேசும்போது பெரியவரின் குரலே மாறிவிட்டது. நம் குழுவில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. எளிய குழுவா இது? முதல் ஆட்டம் ஹங்கேரியோடு. ஃப்ளோரியான் ஆல்பர்ட் ஆடிய அணி. 1967-இல் ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருது வாங்கியவர் அவர். இரண்டு கோல் வாங்கிவிட்டோம். கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது பலராம் ஒன்றைத் திருப்பி அடித்தார். 2–1 என்று முடிந்தது. ஹங்கேரி அந்த ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது. அடுத்த ஆட்டம் பிரான்ஸோடு. பி.கே. பானர்ஜி கோல் போட, நாம் முன்னால் இருந்து, கடைசியில் 1–1. பெருவிடம் 3–1 என்று தோற்றோம், அந்த ஒன்றும் பலராம் அடித்ததுதான். அதற்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்குப் போகவே இல்லை. டிசம்பரில் எந்த பிரான்ஸை வாய் பிளந்து பார்த்தோமோ, அதே நாட்டோடு நாம் ஒரு காலத்தில் டிரா செய்திருக்கிறோம் என்று சொன்னதும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2–0 என்று தோற்றோம். அப்புறம் தாய்லாந்தை 4–1, ஜப்பானை 2–0. ஜப்பானோடு அடித்த இரண்டு கோலில் ஒன்று பலராமுடையது. தெற்கு வியட்நாமை 3–2 என்று தாண்டி செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டம், எதிரில் மறுபடி தென்கொரியா. அரசியல் தகராறு ஒன்றால் மைதானமே இந்தியாவுக்கு எதிராகக் கத்தியது. ஜர்னைல் சிங் பின்வரிசைக்காரர். தலையில் தையலோடு இருந்தவரை ரஹீம் முன்வரிசையில் இறக்கினார். பி.கே. ஒன்று, ஜர்னைல் ஒன்று. 2–1. தங்கம். கோல் காத்தவர் நம் பீட்டர் தங்கராஜ். அவரும் செகந்திராபாத்தில் ஆடத் தொடங்கி, நீலகிரி வெல்லிங்டனில் மதராஸ் படைப்பிரிவு மையத்துக்காக ஆடிப் பெயர் வாங்கியவர். அந்த அணியை ஜகார்த்தாவுக்குக் கூட்டிப்போன ரஹீமுக்கு அப்போதே நுரையீரல் புற்றுநோய். அடுத்த ஜூனில் போய்விட்டார்.

சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம். அந்தக் கால இந்திய முன்வரிசை என்றால் இந்த மூன்று பேரையும் சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம். பலராமின் கிளப் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், 1961-இல் அதன் கேப்டன். பிறகு பி.என்.ஆர். என்ற பெங்கால் நாக்பூர் ரயில்வே அணிக்கு வந்தார். நம் பெரியவருக்கு அந்த ரயில்வே பாசமும் உண்டு. ஆனால் 1963-இலேயே நுரையீரல் நோய் வந்து ஆட்டத்தை விட வேண்டியதாகிவிட்டது. 27 வயது! நம் சங்க அணியில் 27 வயதில்தான் சிலர் கேப்டன் ஆகிறார்கள். இன்னும் ஐந்தாறு வருடம் அவர் கால் ஓடியிருந்தால் என்னவெல்லாம் பார்த்திருப்போம் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அர்ஜுனா விருது 1962-இல் கிடைத்தது. சுனிக்கும் பி.கே.வுக்கும் பத்மஸ்ரீ வந்தது. பலராமுக்கு 86 வயதுவரை வரவில்லை. உத்தரபாராவில், ஹூக்ளி ஆற்றங்கரையில் ஒரு ஃப்ளாட்டில் தனியாக வாழ்ந்தார். தன்னை மறந்துவிட்டார்கள் என்ற வருத்தத்தைப் பேட்டிகளில் மறைக்காமல் சொன்னார். 2020 மார்ச்சில் பி.கே. போனார், ஏப்ரலில் சுனி போனார், மூவரில் மிஞ்சியவர் இவர்தான். அந்த மூன்று வருடத்தில் நம் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் போட்டிருக்கலாம். தமிழிலேயே போட்டிருக்கலாம். இதை நான் செயலாளராகப் பொறுப்பேற்றுச் சொல்கிறேன்.

அஞ்சலிக் கூட்டத்தில் நடந்த ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். தெருமுனையில் செருப்புத் தைக்கும் நம் உறுப்பினர் மஞ்சள் துணிப்பை ஒன்றோடு வந்திருந்தார். அவருடைய அப்பா காலத்துப் பழைய பூட்ஸ் ஒரு ஜோடி, கணுக்கால் மூடும் உயரம், முனை கட்டை மாதிரி கெட்டி. போலீஸ் பூட்ஸை ஆட்ட பூட்ஸாக மாற்றிய கதையை நான் முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். எப்படி மாற்றுவார்கள் என்று அவர் பிள்ளைகளுக்குக் காட்டினார். தோலை வட்டமாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் சிறு ஆணிகள் அடித்து அடியில் இறக்குவார்களாம். அதுதான் ஸ்டட், கால் வழுக்காமல் மண்ணைப் பிடிக்கும் குமிழ். ஈர மைதானத்தில் தோல் ஊறும், ஆட ஆடத் தேயும், தேய்ந்ததும் ஆணி உள்ளே ஏறிப் பாதத்தில் குத்தும். நம் 14 வயது அணியில் இடது ஓரத்தில் ஆடும் லெஃப்ட் அவுட் தங்கச்சி உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தது. விரலில் ஆணி முனை பட்டிருக்கும் போல, சட்டென்று கையை எடுத்துக்கொண்டது. "இதைப் போட்டுக்கிட்டா அண்ணா ஓடுனாங்க?" என்று கேட்டது. ஆமாம் என்றார் பெரியவர். அதற்கும் முன்னால், 1952 ஹெல்சின்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோற்றபோது நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள் என்றும் சொன்னார். அந்தப் பிள்ளை அப்புறம் கூட்டம் முடியும்வரை அந்த பூட்ஸை மடியிலேயே வைத்திருந்தது.

சரி, குழுவின் பரிந்துரைகளுக்கு வருகிறேன். பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும்.

நம் 14 வயதுக்குட்பட்டோர் சுழற்கோப்பைக்கு இதுவரை பெயர் இல்லை. இனி அது துளசிதாஸ் பலராம் கோப்பை. இறுதி ஆட்டம் ஆண்டுதோறும் ஜகார்த்தாவில் தங்கம் வென்ற செப்டம்பர் 4-ஐ ஒட்டிய ஞாயிறு அன்று முல்லை நகர் மைதானத்தில் நடக்கும். அன்று ஆட்டத்துக்கு முன் 1962 அணியின் பதினோரு பெயரையும் பிள்ளைகளே ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். கோப்பையில் பெயர் பொறிக்கும் செலவை ஒரு உறுப்பினர் ஏற்றுக்கொண்டிருக்கிறார், தன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவர் நிபந்தனை.

இரண்டாவது, இந்தியாவுக்கோ தமிழ்நாட்டுக்கோ ஆடி இன்று வயதாகி வீட்டில் இருக்கும் வீரர்களை நேரில் போய்ப் பார்ப்பது. சென்னையில் இருப்பவர்களிடமிருந்து தொடங்குவோம். முகவரி தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். ஒரு டஜன் பழமும் இரண்டு பிள்ளைகளும் போதும், மாலை, சால்வை, போட்டோகிராபர் எதுவும் வேண்டாம்.

மூன்றாவது, அந்தப் பழைய பூட்ஸைச் சங்க அறையில் வைக்க உறுப்பினர் சம்மதித்திருக்கிறார். கண்ணாடிப் பெட்டிக்கு அளவு எடுத்தாகிவிட்டது. தோல் காய்ந்து வெடிக்காமல் இருக்க மாதம் ஒருமுறை எண்ணெய் பூச வேண்டும் என்றார். அந்த வேலையை லெஃப்ட் அவுட் தங்கச்சி கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. முதல் தடவை போன ஞாயிறு பூசியாகிவிட்டது.

இப்படிக்கு,
செயலாளர்